முப்பத்தெட்டுப் பத்துகளும் ஒரு ஏழும்

வியாழக்கிழமை சாயங்காலம் சர்வே ஏஜென்சி சூப்பர்வைசர் பழனிவேல் போனில் கேட்ட முதல் கேள்வியிலேயே அன்புக்கரசிக்குக் கோபம் தலைக்கேறியது.

"உண்மையைச் சொல்லும்மா. நீ வூடு வூடா போனியா, இல்ல உங்க வூட்லயே ஃபேனுக்கு அடியில குந்திகினு எல்லாத்தையும் ரொப்பினியா?"

பத்து நாளாக அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து காலை எட்டு மணிக்கு சைக்கிளை எடுத்தால் நெய்வேலி டவுன்ஷிப்பில் வட்டம் வட்டமாக, தெருத் தெருவாகச் சுற்றிவிட்டு இருட்டுகிற நேரத்துக்குத்தான் வீடு திரும்புவாள். சித்திரை வெயிலில் செருப்பு வார் இரண்டு தரம் அறுந்து இரண்டு தரம் தைத்தாயிற்று. இதில் ஃபேன் காற்று வேறாம்.

"சார், அவங்க சொன்னதைத்தானே நான் எழுதினேன்?"

"எழுதின லட்சணத்தைப் பாரு. முப்பத்தெட்டு பேரு. ஆளுக்கு இருபத்திரெண்டு கேள்வி. எல்லாத்துக்கும் எல்லாரும் பத்துக்குப் பத்து. ஒரு மனுஷன்கூட ஒம்போது போடலியா? சென்னை ஆபீஸ்ல பாத்துட்டு சிரிக்கிறாங்க. கல்யாண வூட்ல சாப்பிட்டுட்டு எழுந்து வர்றவன்கூட சாம்பார்ல உப்பு கம்மின்னு சொல்லுவான்."

பழனிவேல் கெட்டவர் இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார். நாளை சாயங்காலம் ஐந்து மணிக்குச் சென்னையிலிருந்து ஹரிணி மேடம் சோதனைக்காகப் போன் செய்வாராம். பட்டியலில் முதல் பெயருக்குத்தான் எப்போதும் செய்வாராம். அவருக்குச் சந்தேகம் தீரவில்லை என்றால் முப்பத்தெட்டு ஃபாரமும் குப்பைக்கு. அன்புக்கரசியின் பெயருக்கு எதிரே 'பொய் ஃபாரம்' என்று ஏறிவிடும். ஜூன் மாதம் வரவேண்டிய பர்மனென்ட் ஆர்டரை அதோடு மறந்துவிட வேண்டியதுதான்.

"நீ போய் அந்த ஆளுக்கு இப்படிப் பேசு, அப்படிப் பேசுன்னு சொல்லிக் குடுத்தேன்னு தெரிஞ்சுது, அது இன்னும் மோசம். பாத்துக்க."

பர்மனென்ட் என்ற சொல்லுக்கு அந்த வட்டாரத்தில் என்ன எடை என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். அன்புக்கரசியின் அம்மா வீராயி சுரங்க ஆபீஸில் இருபத்திரண்டு வருஷமாகக் கூட்டுகிறாள், அத்தனை வருஷமும் கான்ட்ராக்டில்தான். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட 'மாப்பிள்ளை பர்மனென்டா?' என்று கேட்டபிறகுதான் ஜாதகத்தைக் கேட்பார்கள். தன் பெண் பெயரில் அப்படி ஒரு காகிதம் வரப்போகிறது என்று வீராயி கூட வேலை பார்க்கும் பெண்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

"இன்னாடி, மூஞ்சி ஒரு மாதிரி கீது?" என்றாள் வீராயி.

"ஒண்ணும் இல்லம்மா. எல்லாரும் நல்லா மார்க் போட்டுட்டாங்களாம். அதான் பிரச்சனையாம்."

"நல்லா மார்க் போட்டா பிரச்சனையா? இது இன்னா வேலைடி?"

கோபம் அரைமணி நேரம் இருந்தது. அதற்குப் பிறகு அவளை வேறொன்று அரிக்க ஆரம்பித்தது. அன்புக்கரசிக்குச் சின்ன வயதிலிருந்தே அந்தப் புத்தி. கடிகாரம் நின்றால் மற்றவர்கள் புதுக் கடிகாரம் வாங்கப் போவார்கள், அவள் பின்பக்கத்தைத் திறந்து பார்ப்பாள். இப்போதும் அதே கதைதான். தான் பொய் எழுதவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அப்படியானால் முப்பத்தெட்டு பேரில் ஒருவர்கூட ஏன் ஒன்பது போடவில்லை?

வேலை என்னவோ எளிமையானதுதான். நெய்வேலியிலும் சுற்றிலும் டொயோட்டா கார் வைத்திருப்பவர்களில் நாற்பது பேரைப் பார்த்து, வண்டியில் திருப்தியா, சர்வீஸில் திருப்தியா என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று டேப்லெட்டில் பதிய வேண்டும். வேலைக்குச் சேர்ந்தபோது ஏஜென்சி ஒரு சின்னப் புத்தகம் கொடுத்திருந்தது. அந்தக் கம்பெனியின் கதை. மற்ற பெண்கள் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டார்கள். இவள் மூன்று தடவை படித்தாள்.

கார் கம்பெனியின் கதை கைத்தறியில் ஆரம்பித்தது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. சகிச்சி டொயோடா என்று ஒரு தச்சரின் மகன். அம்மா தறியில் படும் சிரமத்தைப் பார்த்துவிட்டுத் தறியைக் குடைய ஆரம்பித்தாராம். கடைசியில் அவர் செய்த தறிக்கு ஒரு குணம் இருந்தது. ஒரு நூல் அறுந்தால் தானாக நின்றுவிடும். அன்புக்கரசியின் கல்லூரித் தோழி ஒருத்தி குறிஞ்சிப்பாடிக்காரி, அவள் வீட்டில் தறி உண்டு. அறுந்த நூலைக் கவனிக்காமல் நெய்துகொண்டே போனால் முழம் முழமாகத் துணி பாழாவதை அங்கே அன்புக்கரசி பார்த்திருக்கிறாள். அதனால் 'நூல் அறுந்தால் நிற்கும் தறி' என்ற வரியைப் படித்ததும் அந்த ஜப்பான்காரர் மேல் அவளுக்கு மரியாதை வந்துவிட்டது. அந்தத் தறியின் உரிமையை இங்கிலாந்து கம்பெனிக்கு விற்றார்கள். அவர் மகன் கிச்சிரோ கார் பக்கம் போனார். டொயோடா என்ற குடும்பப் பெயரை டொயோட்டா என்று மாற்றியதற்கும் ஒரு காரணம் போட்டிருந்தது. அவர்கள் எழுத்தில் அப்படி எழுதினால் எட்டு கோடுகள்தான் வருமாம். எட்டு அங்கே ராசியான எண்ணாம்.

நம் ஊரில் எட்டு என்றால் சனி என்பார்கள். ஊருக்கு ஊர் கணக்கு மாறுகிறது என்று நினைத்துக்கொண்டே அன்றைக்குத் தூங்கிப்போனாள்.

வெள்ளிக்கிழமை காலை முதல் வேலையாகச் சங்கரலிங்கம் வீட்டுக்குப் போனாள். அவர் சுரங்க நிறுவனத்தின் அக்கவுன்ட்ஸ் பிரிவிலிருந்து போன வருஷம் ஓய்வு பெற்றவர். மகன் டவுன்ஷிப்பிலேயே வேலையில் இருந்ததால் அவர் பெயரில் இருந்த குவார்ட்டர்ஸ் போய் மகன் பெயரில் ஒரு குவார்ட்டர்ஸ் வந்திருந்தது. பச்சை வலைப் பந்தலுக்குக் கீழே பழைய குவாலிஸ் நின்றது. அதை அனல் மின் நிலையத்துச் சாம்பல் தூசி அண்டாமல் இரண்டு போர்வைகளால் மூடி வைத்திருந்தார். ஐந்து நாளைக்கு முன்பு இதே வாசலில் அவர் இருபத்திரண்டு பத்து சொல்லி அனுப்பியிருந்தார்.

இன்று கேட்டுக்கு வெளியே சைக்கிளை நிறுத்தும்போதே அவர் போனில் இரைவது தெரு முழுக்கக் கேட்டது.

"ஏம்ப்பா, பத்து மணிக்கு வரச் சொல்லிட்டு நாலு மணி நேரம் பெஞ்சில உக்கார வெச்சியே, நான் என்ன உனக்கு வாட்ச்மேனா? ஒரு சர்வீஸ் சென்டர் நடத்துற லட்சணமா இது?"

போனை வைத்துவிட்டு அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வாம்மா, மறுபடியும் கணக்கெடுப்பா?"

"ஒரே ஒரு கேள்வி சார். சர்வீஸ்ல காத்திருக்கும் நேரத்துக்கு எவ்வளவு போடலாம்?"

"பத்து."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சார், இப்பதானே போன்ல அந்த வாங்கு வாங்கினீங்க?"

"அது பேச்சு, இது எழுத்து" என்றார் சங்கரலிங்கம், சின்னப் பெண்ணுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்ற பரிதாபத்தோடு. "இது மேல போகுமில்ல?"

"போகும் சார்."

"அப்ப பத்து."

சைக்கிளை மிதிக்கும்போது அந்தக் கேள்வி அவள் காதிலேயே நின்றது. இது மேலே போகுமா? யோசித்துப் பார்த்தால் அத்தனை பேரும் அதைக் கேட்டிருந்தார்கள். ஐம்பது வயதில் டிரைவிங் கற்றுக்கொண்டு தனியாகக் கொடைக்கானல் போய்வந்த வளர்மதி டீச்சர் கேட்டார். இரண்டரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய இன்னோவாவைப் பெற்ற பிள்ளைபோலத் தட்டிக்கொடுத்த ஆஸ்பத்திரி கம்பவுண்டர் கேட்டார். இவளும் ஒவ்வொரு வாசலிலும் பெருமையாக, "ஆமா சார், நேரா மேல போகும்" என்று சொல்லியிருக்கிறாள். அவர்கள் வண்டியை நேசிக்கிறார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் நேசிக்கிறவர்கள்தானே அதிகம் குறை சொல்வார்கள்?

பட்டியலில் முதல் பெயர் மாடசாமி. அவருக்கு அன்று முதல் ஷிப்ட். இரண்டு மணிக்கு விட்டு வந்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்திருப்பார் என்று கணக்குப் போட்டு நாலரைக்குப் போய்ச் சேர்ந்தாள். சொல்லிக்கொடுக்கக் கூடாது என்பதில் உறுதியாகத்தான் போனாள். ஆனால் கேட்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே.

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து முப்பத்து நான்கு வருஷத்துக்கு முன்னால் வேலைக்கு வந்தவர் மாடசாமி. பழுப்பு நிலக்கரியைச் சுரங்கத்திலிருந்து கிலோமீட்டர் கணக்கில் சுமந்து வரும் பெல்ட் இருக்கிறதே, அந்தப் பிரிவில் ஃபோர்மேன். இன்னும் பதினோரு மாசத்தில் ஓய்வு. எழுந்து முகம் கழுவிவிட்டு, மாமரத்து நிழலில் தன் வெள்ளை இன்னோவாவை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வா தாயி" என்று அவர் மனைவி பாப்பா ஜன்னல் வழியாகக் கூப்பிட்டார். "அன்னைக்குத் தண்ணிகூடக் குடிக்காம ஓடிட்டே. இன்னைக்குக் காப்பி குடிச்சிட்டுத்தான் போகணும்."

"என்னம்மா, ஃபாரத்துல ஏதும் விட்டுப்போச்சா?" என்றார் மாடசாமி.

"எதுவும் விட்டுப்போகலை சார். எல்லாம் பத்தா இருக்கு. ஏன் பத்துன்னு தெரிஞ்சுக்கலாம்னு வந்தேன்."

"ஏன்னா? குறையில்ல, பத்து."

அவர் சொன்னது அவ்வளவுதான். ஆனால் கார்க்கதவு திறந்திருந்தது. டேஷ்போர்டின் மேலே நீள அட்டை போட்ட ஒரு நோட்டு. அட்டையில் ஸ்கேல் வைத்து அடித்த கட்டத்துக்குள் 'லாக் புக்' என்று எழுதியிருந்தது. ஷிப்டில் பெல்ட் எத்தனை மணிக்கு ஓடியது, எத்தனை மணிக்கு நின்றது, காரணம் என்ன என்று எழுதுகிற நோட்டு. முப்பது வருஷம் அதை எழுதிய கை சும்மா இருக்குமா? காருக்கும் ஒன்று போட்டுவிட்டார்.

"பாக்கலாமா சார்?"

"பாரேன். ஒளிச்சு வைக்க என்ன இருக்கு?" குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

ஊருக்குப் போய்வந்த பயணம், போட்ட டீசல், மாற்றிய டயர் எல்லாம் வரிசையாக இருந்தன. பக்கங்களைத் தள்ளிக்கொண்டு வந்தவள் ஒரு இடத்தில் நின்றாள். 'மார்ச் 12. சர்வீஸ். வண்டி விட்டது 9.10. தருவதாகச் சொன்னது 2.00. கிடைத்தது 6.25. சீட் கவர் தைக்கச் சொன்னேன், தைக்கவில்லை. கேட்டதற்குப் பதில் இல்லை.'

டேப்லெட்டைத் திறந்து அவருடைய ஃபாரத்தைப் பார்த்தாள். சொன்ன நேரத்துக்கு வண்டி கிடைத்ததா? பத்து. சொன்ன வேலைகள் முடிந்தனவா? பத்து.

"சார், இதுல ஆறு இருபத்தஞ்சுன்னு இருக்கு. அதுல பத்துன்னு இருக்கு. ஏன் சார்?"

மாடசாமி துணியைப் பிழிந்து உதறினார். "அது லாக் புக்கும்மா. லாக் புக்குல பொய் எழுதக்கூடாது."

"அப்ப ஃபாரத்துல மட்டும்?"

"ஃபாரம் வேற. நீ கேட்ட முதல் கேள்வி என்ன? வண்டியை சர்வீஸ் பண்ணிக் குடுத்தவர் பேரு. பாலகுமார்னு சொன்னேன். இந்த டவுன்ஷிப்புல யாரைக் கேட்டாலும் அந்தப் பேரைத்தான் சொல்லியிருப்பாங்க. பேரை எழுதிக்கிட்டு அப்புறம் மார்க் கேட்டா என்ன அர்த்தம்? அது அந்தப் பையனோட சி.ஆர். தானே?"

அன்புக்கரசிக்குத் தலையில் விளக்கு எரிந்தது. சி.ஆர். என்றால் வருஷா வருஷம் தன் கீழே இருப்பவரைப் பற்றி மேலதிகாரி ரகசியமாக எழுதி மேலே அனுப்பும் மதிப்பெண். அதைப் பற்றி அந்த ஊரில் தெரியாத வீடு கிடையாது. இந்த முப்பத்தெட்டு வீடுகளும் வருஷா வருஷம் அதற்குப் பயந்து பிழைத்த வீடுகள்தான். காரைப் பற்றிக் கேட்கிறோம் என்று இவள் நினைத்துக்கொண்டு போக, அவர்களோ பாலகுமாரின் தலையெழுத்தை எழுதச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"ஆறு வருஷமா கான்ட்ராக்ட்ல இருக்கான் அந்தப் பையன்" என்று காப்பியோடு வந்தார் பாப்பா. "நாம ஒரு எட்டு, ஒம்பது போட்டு, அவன் பர்மனென்ட் ஆகாமப் போயிட்டா? அந்தப் பாவம் நமக்கு எதுக்கு?"

இருபத்திரண்டு வருஷமாகக் கான்ட்ராக்டில் இருப்பவளின் மகள் இதைக் கேட்டதும் அம்மாவை நினைத்துக்கொண்டாள். இவ்வளவு நல்ல மனசா இவர்களுக்கு? அந்த நல்ல மனசுதான் இப்போது தன் கழுத்தில் கத்தியாக நிற்கிறது என்று எப்படிச் சொல்வாள்? சொல்லவும் கூடாது. காப்பியை ஒரு மடக்கு குடித்தாள்.

ஆனாலும் ஒன்று இடித்தது. மற்றவர்கள் சட்டென்று பத்து சொன்னார்கள். மாடசாமி அன்றைக்கு ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் பத்து சொன்னார்.

"நீங்க யாருக்குமே பத்துக்குக் குறைச்சுப் போட்டதில்லையா சார்?"

பாப்பா கணவரைப் பார்த்தார். மாடசாமி துணியை வாளியில் போட்டுவிட்டு மாமரத்தடிச் சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்தார்.

"ஒரு தடவை. நெடுமாறன்னு ஒருத்தன் என் செக்ஷன்ல. என்னைவிட மூணு வயசு மூத்தவன். நல்ல வேலைக்காரன். அவனுக்கு எட்டு போட்டேன். பதினாறு வருஷம் ஆச்சு."

"எட்டு நல்ல மார்க்தானே சார்?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். மத்த செக்ஷன்ல எல்லாம் எல்லாருக்கும் பத்து. என் எட்டுதான் ஊர்லயே கடைசி. அந்த வருஷ ப்ரமோஷன் அவனுக்கு வரலை. அன்னையிலேருந்து எங்கிட்ட பேச்சு இல்லை. ரெண்டு வருஷம் முந்தி ரிடையராகி வடலூர்ல வீடு கட்டிப் போயிட்டான். கிரகப்பிரவேசப் பத்திரிகை தெரு பூராவும் குடுத்தான், இந்த வாசலை மட்டும் தாண்டிப் போனான்." அவர் தரையைப் பார்த்துப் பேசினார். "அதுக்கப்புறம் யாருக்கும் பத்துக்குக் குறைச்சு நான் போட்டதில்லை. ஓட்டல்ல கேட்டாலும் பத்து."

"அவருக்கு ஏன் எட்டு போட்டீங்க?"

"பெல்ட் ஓரமா நீளத்துக்கும் ஒரு கயிறு போகும்மா. ஏதாவது தப்பாப் பட்டா யார் வேணும்னாலும் இழுக்கலாம், பெல்ட் நின்னுடும். அவன் இழுக்க யோசிப்பான். பெல்ட் சாய்ஞ்சு ஓடுறது கண்ணுக்குத் தெரியும், கயித்துமேல கையை வெச்சிக்கிட்டே நிப்பான். நான் ஓடிப்போய் இழுத்திருக்கேன். என்னைக்காவது ஒரு நாள் இவன் கை போயிரும்னு எனக்குப் பயம்."

"அவர் ஏன் யோசிச்சாரு?"

"நிறுத்தினா கேள்வி வருமே. யார் நிறுத்துனது, எவ்வளவு நேரம், என்ன காரணம்னு."

அன்புக்கரசி டம்ளரைக் கீழே வைத்தாள். அவள் கண்கள் பளபளத்தன. "சார், உங்க வண்டி செய்யற கம்பெனியிலயும் அதே கயிறு இருக்கு, தெரியுமா?"

"எங்க?"

"கார் பாகங்களைப் பூட்டுற இடத்துல. வரிசையா நின்னு வேலை செய்வாங்க இல்ல, தலைக்கு மேல கயிறு போகும். எதாவது சரியில்லன்னா அங்க நிக்கிற கடைசி ஆளுகூட இழுக்கலாம். இழுத்தா அவங்க தலைவர் ஓடி வருவாராம். வந்து முதல்ல நன்றி சொல்லுவாராம்."

"நன்றியா?" மாடசாமி நிமிர்ந்தார். "நிறுத்துனதுக்கா?"

"ஆமா சார், எங்களுக்குக் குடுத்த புத்தகத்துல போட்டிருக்கு. அவங்க முதல்ல தறி செஞ்சவங்க. ஒரு நூல் அறுந்தா நின்னுடற தறி. கெட்டுப்போன துணியை நெய்ஞ்சிகினே போறதைவிட நிக்கிறது மேல்னு அந்தப் பெரியவர் நெனச்சாரு. அது கார் வரைக்கும் வந்துடுச்சி. நன்றி சொல்லிட்டு, ஏன்னு கேப்பாங்களாம். பதில் சொன்னா அதுக்கும் ஏன்னு கேப்பாங்களாம். அஞ்சு தரம் கேட்டாத்தான் வேர் தெரியும்னு ஒரு பழக்கம்."

பேச்சு வேகத்தில் அவளுடைய சொந்த ஊர்த் தமிழ் வெளியே வந்துவிட்டது. மாடசாமி அதையெல்லாம் கவனிக்கவில்லை. ஒன்பது வருஷமாகத் தினமும் துடைக்கிற வண்டியின் முன்பக்கத்து வட்ட முத்திரையைப் புதுசாகப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஒரே ஒரு ஏன்தான் சார் இருக்கு" என்றாள் அவள். "ஏன் எட்டுன்னு நெடுமாறன் சார்கிட்ட சொன்னீங்களா?"

"சி.ஆர். ரகசியம்மா. சொல்லக்கூடாது."

"அவர் ரிடையரான பிறகு?"

 பாப்பாதான் பதில் சொன்னார். "பதினாறு வருஷமா நான் சொல்லிட்டிருக்கேன் தாயி, போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்கன்னு. எட்டு மட்டும்தான் அந்த அண்ணனுக்குத் தெரியும். இவரு பயந்தது தெரியாது."

அந்த நேரத்தில் மாடசாமியின் சட்டைப் பையில் போன் அடித்தது. அன்புக்கரசி மணியைப் பார்த்தாள். சரியாக ஐந்து. 

அவர் வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டுத்தான் எடுத்தார்.

"வணக்கம் சார். சென்னையில இருந்து ஹரிணி பேசறேன். டொயோட்டா சர்வே விஷயமா எங்க ஏஜென்சியில இருந்து அன்புக்கரசின்னு ஒருத்தங்க உங்களைப் பாக்க வந்தாங்களா?"

"வந்தாங்க."

"நேர்ல?"

"நேர்லதான். இப்பவும் இங்கதான் இருக்கா, என் எதுக்கால."

செத்தோம் என்று நினைத்தாள் அன்புக்கரசி.  ஹரிணியின் குரல் கொஞ்சம் குளிர்ந்து வந்தது. "அப்படியா? எதுக்கு வந்திருக்காங்க?"

"நான் ஏன் பத்து போட்டேன்னு கேக்க வந்திருக்கா. நானும் சொல்லிக்கிட்டிருக்கேன்."

அவர் ஹரிணிக்கும் சொன்னார். பாலகுமார், கான்ட்ராக்ட், சி.ஆர்., எழுத்து மேலே போகும் என்றால் இந்த ஊர்க் கை தானாகப் பத்து எழுதிவிடும் விஷயம், எல்லாவற்றையும். ஒரு பொய் சொல்லவில்லை, ஒரு வார்த்தை கூட்டவுமில்லை. சென்னைப் பெண் குறுக்கே பேசாமல் கேட்டாள். ஆனால் நம்பினாளா என்று குரலில் தெரியவில்லை.

"சரி சார். கடைசியா ஒரு கேள்வி. உங்களைப் பேட்டி எடுத்த அன்புக்கரசிக்குப் பத்துக்கு எவ்வளவு மார்க் போடுவீங்க?"

 இந்த மனுஷர் பதினாறு வருஷமாக ஒரே ஒரு எண்ணைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். இப்போதும் அதைச் சொன்னால் அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்வதாகத்தான் ஆகும். முப்பத்தொன்பதாவது பத்து. அதோடு கதை முடிந்தது. வேண்டாம் சார் என்று கத்த வேண்டும்போல இருந்தது. பழனிவேல் சொன்னது நினைவுக்கு வர, உதட்டைக் கடித்துக்கொண்டு மாமரத்தைப் பார்த்தாள்.

சமையலறை வாசலில் பாப்பா இரண்டு கைகளையும் தூக்கிப் பத்து விரல்களையும் விரித்துக் காட்டினார். கண்ணாலும் அதட்டினார். காப்பி குடித்த பிள்ளை, வெயிலில் சைக்கிளில் வந்த பிள்ளை, பத்தைப் போடுங்க என்று.

மாடசாமி அந்தப் பத்து விரல்களைப் பார்த்தார். பிறகு அன்புக்கரசியைப் பார்த்தார். அவருடைய வலது கை, ஏதோ தலைக்கு மேலே இருப்பதைப் பிடிக்கப் போவதுபோலச் சற்றே உயர்ந்து, கார்க்கதவைப் பற்றிக்கொண்டது.

"ஏழு" என்றார்.

பாப்பாவின் கைகள் அப்படியே நின்றன. "அடப்பாவி மனுசா" என்றது அவர் வாய், சத்தமில்லாமல்.

"ஏழா?" என்றாள் ஹரிணி. "ஏன் சார்?"

"சொல்றேன். அவளும் கேக்கட்டும்னுதான் அவ முன்னாடியே சொல்றேன். முதல் தடவை வந்தப்ப நான் பத்து பத்துன்னு சொன்னதை எழுதிக்கிட்டு, தண்ணிகூடக் குடிக்காம அடுத்த வீட்டுக்கு ஓடிட்டா. அன்னைக்கே ஒரு தடவை ஏன்னு கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன். கேக்கலை. அதுக்கு மூணு குறைச்சாச்சு. இன்னைக்கு வந்து அஞ்சாறு தடவை கேட்டா. எங்கிட்ட யாரும் அப்படிக் கேட்டதில்லை. அதுக்குத்தான் ஏழு."

 சென்னைப் பெண் போனிலேயே சிரித்தாள்.

"சார், நெய்வேலியில இருந்து எங்களுக்கு வந்த முதல் ஏழு இதுதான். அன்புக்கரசி, கேக்கறீங்களா? பொய் ஃபாரம் எழுதறவங்க திரும்பப் போய் ஏன்னு கேக்க மாட்டாங்க. உங்க பேர்ல எந்தக் குறிப்பும் போகாது. ஆனா அந்த முப்பத்தெட்டையும் மறுபடி கேக்கணும். சர்வீஸ் பண்ணின ஆளோட பேரைக் கடைசியில கேளுங்க, விருப்பம் இருந்தா மட்டும். ஒரு வாரம் தரேன். ஜூன் ஆர்டருக்கு அது போதும்."

போன் அணைந்தது. அன்புக்கரசிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அந்த மூன்று மார்க் சுருக்கென்று குத்தியது உண்மை. ஏனென்றால் அது சரி. முப்பத்தெட்டு வாசல்களிலும் அவள் ஓடத்தான் ஓடியிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில்கூட ஒரு மார்க்குக்காக அவள் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

"பிள்ளையை அழ வெச்சுட்டீங்களே" என்று பாப்பா கணவர் மேல் பாய்ந்தார்.

"இல்லம்மா, சார் காப்பாத்திட்டாரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதுவரை வாய்விட்டுச் சொல்லாத கதையைச் சொன்னாள். பொய் ஃபாரம் என்ற பெயர், போக இருந்த பர்மனென்ட், வீட்டில் காத்திருக்கும் வீராயி. கேட்கக் கேட்க மாடசாமியின் முகம் வெளுத்தது.

"இதை ஏம்மா முதல்லயே சொல்லலை? நான் பாட்டுக்குப் பத்துன்னு சொல்லியிருந்தா?"

"சொல்லியிருந்தா நீங்க எனக்காக மார்க் போட்டிருப்பீங்க சார்" என்றாள்.

 மாடசாமி அவளுடைய டேப்லெட்டை வாங்கி, சொன்ன நேரத்துக்கு வண்டி கிடைத்ததா என்ற கேள்விக்குத் தானே நான்கு என்று போட்டார். காரணம் எழுதும் கட்டத்தில் லாக் புக்கைப் பார்த்து மணி உட்பட எழுதினார். வண்டியில் திருப்தியா என்ற கேள்விக்கு மறுபடியும் பத்து. இது நிஜப் பத்து என்று விரலைத் தட்டிச் சொன்னார். "பாலகுமார்கிட்ட நானே திங்கக்கிழமை போய் நேர்ல சொல்லிடறேன், ஏன் நாலுன்னு. அவனுக்கும் தெரியணுமில்ல?"

அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கேட்டைத் தாண்டும்போது, பின்னால் கார்க்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். மாடசாமி ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து போனைக் காதில் வைத்திருந்தார். இந்த முறை ஸ்பீக்கரில் போடவில்லை.

"நெடுமாறா, நான் மாடசாமி. வெச்சுடாதே. அந்த எட்டு இருக்கில்ல, அதைப் பத்தி ஒரு காரணம் சொல்லணும்."

மறுமுனையில் என்ன பதில் வந்தது என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் அவர் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தார்.

அன்புக்கரசி நேராகச் சங்கரலிங்கம் வீட்டுக்கு மிதித்தாள். அவர் குவாலிஸுக்குப் போர்வை போர்த்திக்கொண்டிருந்தார்.

"மறுபடியுமா? பத்துதாம்மா, பத்து."

"மார்க் கிடக்கட்டும் சார்" என்று சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டாள். "யார் பேரும் வேணாம். காலையில போன்ல பேசுனீங்களே, அதை எங்கிட்ட பேசுங்க. எவ்வளவு நேரமானாலும் பரவால்ல. முதல்ல குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க."

சங்கரலிங்கம் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "ஏய், தண்ணியோட ரெண்டு காப்பியும் போடு" என்று குரல் கொடுத்துவிட்டு, அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.